கொள்ளளவு என்னும் மயக்கம்: அபார நினைவாற்றலும் நினைவிழப்பும்

1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் ஒரு சபை கூடியது. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் அங்கே சதாவதானம் செய்து காட்டினார். அவதானம் செய்பவரைச் சுற்றிப் பலர் அமர்ந்திருப்பார்கள். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருவர் கணக்குச் சொல்வார். ஒருவர் முதுகில் கல்லோ பூவோ போட்டுக்கொண்டே இருப்பார். நடுநடுவே மணி ஒலிக்கும். விழுந்தவை எத்தனை, ஒலித்தது எத்தனை தடவை என்று முடிவில் சொல்லியாக வேண்டும். வெண்பாவும் தளை தட்டாமல் முடிந்திருக்க வேண்டும். குறித்துவைத்துக்கொள்ள ஏடு கிடையாது.

இப்படிப்பட்டவரைக் கண்டதும் பெரும்பாலோர் தரும் விளக்கம் ஒன்றே: அவர் மூளையில் இடம் அதிகம். நினைவைக் கிடங்காகக் கருதும் இந்த எண்ணம் மிகப் பழையது. தேர்வுக் காலத்தில் வல்லாரை மாத்திரை தேடி ஓடும் பெற்றோர் மனத்திலும் அதுதான் இருக்கிறது. கிடங்கு பெரிதானால் மேதை, ஓட்டை விழுந்தால் மறதி நோய். கடந்த எழுபது ஆண்டு நரம்பியல் இந்த எண்ணத்தை இரண்டு முனைகளிலும் உடைத்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். நினைவு என்பது ஒழுங்குபடுத்துதல், மீண்டும் கட்டுதல், தள்ளிவிடுதல் ஆகிய பல வேலைகளின் கூட்டு. அந்த வேலைகள் எல்லாம் மூளையில் ஒரே இடத்தில் நடப்பவை அல்ல. அதனால்தான் ஒன்று கெட்டும் மற்றொன்று பிழைத்திருக்க முடிகிறது.

முதலில் மேதைகளின் முனை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் சேஸ், ஆண்டர்ஸ் எரிக்சன் இருவரும் சராசரி நினைவாற்றல் கொண்ட ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே முறை வாசிக்கப்படும் இலக்கங்களைத் திருப்பிச் சொல்வதுதான் வேலை. தொடக்கத்தில் அவரால் ஏழு இலக்கம்தான் முடிந்தது. இருபது மாதங்களில் சுமார் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு 79 இலக்கங்களைச் சொன்னார். அவர் ஓட்டப்பந்தய வீரர். இலக்கங்களைக் கேட்டதும் மூன்று நான்காகக் கட்டி, பந்தய நேரங்களாக மாற்றிக்கொண்டார். பிறகு இலக்கங்களை விட்டு எழுத்துகளைக் கொடுத்தபோது அவரால் ஆறைத் தாண்ட முடியவில்லை. கிடங்கு பெரிதாகியிருந்தால் எழுத்துக்கும் அதில் இடம் இருந்திருக்க வேண்டும்.

1981இல் மங்களூரில் பை (π) என்னும் மாறிலியின் மதிப்பை 31,811 இலக்கங்கள் வரை ஒப்பித்த ராஜன் மகாதேவனின் கதையும் இதே முடிவுக்குத்தான் வந்தது. அவருடைய ஆற்றல் பிறவிக்கொடை என்று வாதிட்ட உளவியலாளர்கள் உண்டு. 2004இல் வெளியான ஆய்வில் எரிக்சனும் சகாக்களும் இலக்கங்களுக்குப் பதிலாகப் பழகாத குறியீடுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவருடைய நினைவெல்லையும் ஏறக்குறைய ஆறுக்கு இறங்கியது.

அவதானக் கலையை இந்த ஒளியில் மீண்டும் பார்க்க வேண்டும். ஓட்டக்காரருக்குப் பந்தய நேரம் எப்படியோ, அவதானிக்கு யாப்பு அப்படி. சீரும் தளையும் எதுகையும் மோனையும் இளமையிலேயே ஊறிப்போனவருக்கு, பாதியில் நின்ற வெண்பா சிதறிய சொற்களின் குவியலாக இருக்காது. அடுத்த சீர் எந்த அசையில் தொடங்கலாம், எந்த எழுத்தில் எதுகை வரவேண்டும் என்பதை யாப்பே வகுத்துவிடுவதால் நினைவின் சுமை பாதியாகிறது. சதாவதானியின் பெருமையை இது குறைக்கவில்லை. பிறவி அதிசயம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவதுதான் அவருடைய ஆண்டுக்கணக்கான உழைப்பை மறைக்கிறது.

மூளைப் படங்களும் ஒத்துப்போகின்றன. லண்டனில் எலினார் மக்வயர் குழு 2003இல் உலக நினைவுப் போட்டியாளர்களை ஆராய்ந்தது. அவர்களுடைய அறிவுத்திறனும் மூளை அமைப்பும் பிறரைப் போலவே இருந்தன, வேறுபட்டது உத்தி. தெரிந்த தெருவில் மனத்தால் நடந்து, இடத்துக்கு ஒன்றாகப் பொருள்களை வைத்துக்கொண்டு போகும் பண்டைய கிரேக்க முறையை அவர்களில் பெரும்பாலோர் கையாண்டார்கள். 2017இல் மார்ட்டின் டிரெஸ்லர் குழு அதே முறையைச் சாதாரண மனிதர்களுக்கு நாளுக்கு அரைமணி நேரம் வீதம் நாற்பது நாள் கற்பித்தது. 72 சொற்களில் சராசரியாக 26 நினைவு வைத்தவர்கள் 62 வரை சொன்னார்கள்.

பயிற்சி மூளையின் உருவத்தையே மாற்றுகிறதே என்று ஒரு மறுப்பு எழலாம். அது நியாயமானது. லண்டன் டாக்சி ஓட்டுநராக விரும்புவோர் நகரின் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். மக்வயரும் கேத்தரின் வூலெட்டும் 79 பயிற்சியாளர்களைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். தேர்ச்சி பெற்ற 39 பேருக்கு மட்டும், மூளையில் நினைவுக்கும் இடமறிதலுக்கும் உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. அனுபவமிக்க ஓட்டுநர்கள் சிக்கலான ஒரு படத்தைப் பார்த்துச் சற்று நேரம் கழித்து வரைவதில் பேருந்து ஓட்டுநர்களைவிடப் பின்தங்கினார்கள். ஒரு வேலைக்காக மூளை தன்னைத் திருத்திக்கொள்ளும்போது இன்னொன்றை விட்டுக்கொடுக்கிறது.

மறக்கவே முடியாதவர்கள்? ரஷ்ய உளவியலாளர் லூரியா முப்பது ஆண்டு ஆராய்ந்த ஷெரெஷெவ்ஸ்கி இவ்வகையில் புகழ்பெற்றவர். மாஸ்கோ தெருவொன்றில் சொற்களைப் படங்களாக வைத்துக்கொண்டே போவார். அபூர்வமாக ஒன்று விட்டுப்போனால் காரணம் விந்தையாக இருக்கும்: முட்டையை வெள்ளைச் சுவரின் முன் வைத்துவிட்டதால் திரும்பி வரும்போது கண்ணில் படவில்லை. அவருடைய பிழை பார்வைப் பிழை. மனித முகங்களோ அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. முகபாவம் நொடிக்கு நொடி மாறுவதால் எல்லாம் வேறுவேறு முகங்களாகத் தெரிந்தன. விவரத்தைத் தள்ளிவிடத் தெரியாத மனம் பொதுமையைக் காணத் திணறியது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஜேம்ஸ் மகாஃப் குழு 2006இல் அறிமுகப்படுத்திய ஜில் பிரைஸ் வேறு வகை. எந்தத் தேதியைச் சொன்னாலும் அது என்ன கிழமை, அன்று தனக்கு என்ன நடந்தது என்று சொல்வார். இத்தகைய மேலும் பலர் பிறகு கண்டறியப்பட்டார்கள். அவர்களில் இருபது பேரை வைத்து லாரன்ஸ் பட்டீஸ் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையில் மிக முக்கியமானது என்று சொல்லலாம். பொய் நினைவுகளை உண்டாக்கும் சோதனைகளில் அவர்களும் மற்றவர்களைப் போலவே ஏமாந்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று பென்சில்வேனியாவில் விழுந்த விமானம் தரையில் மோதும் காணொளி எதுவும் இல்லை. அதைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் அவர்களிலும் இருந்தார்கள். ஆகவே அசாதாரண நினைவும் ஒளிப்பதிவு அல்ல. அதுவும் ஒவ்வொரு முறையும் கட்டி எழுப்பப்படுகிறது.

நீதிமன்றத்துக்கு இது சிறிய செய்தி அல்ல. 2008இல் புணே நீதிமன்றமொன்று ஒரு கொலை வழக்கில் தண்டனை விதித்தபோது, மூளையின் மின்னலைகளில் குற்ற அனுபவத்தின் நினைவு தெரிவதாகச் சொன்ன சோதனையையும் சான்றாக ஏற்றது. கிடங்கைத் திறந்து பார்த்தால் நடந்தது அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கைதான் அதற்கு அடிப்படை. 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சோதனைகளைக் கட்டாயப்படுத்தி நடத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் மையம் தனிமனித உரிமை. அறிவியலும் அதே பக்கம்தான் நிற்கிறது.

இனி மறுமுனை. 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, கட்டுக்கடங்காத வலிப்பை நிறுத்த, ஹிப்போகாம்பஸ் அடங்கிய இருபுறப் பொட்டுமடல்களின் உட்பகுதியை வில்லியம் ஸ்கோவில் அறுவை செய்து நீக்கினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் சந்தித்த எவரும் அவருக்கு ஒவ்வொரு முறையும் புதியவர். பேச்சும் அறிவும் இளமை நினைவுகளும் இருந்தன. மருத்துவ உலகம் அவரை எச்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறிந்தது. 2008இல் அவர் இறந்த பிறகே பெயர் வெளியானது. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்று நாளில் கை தேர்ந்தது. முன்பு செய்தது மட்டும் அவருக்கு நினைவில்லை. கற்றலும் கற்றதை அறிதலும் வேறுவேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதற்கு முன் கிடைத்ததில்லை.

அவருடைய மூளை 2,401 மென்சீவல்களாக அறுத்துப் பதிவுசெய்யப்பட்டது. 2014இல் வந்த அறிக்கை சேதத்தின் அளவைத் துல்லியமாகக் காட்டியது. ஹிப்போகாம்பஸின் பின்பகுதி கணிசமாக எஞ்சியிருந்தது. அதற்குச் செய்தி கொண்டுசெல்லும் என்டோரைனல் புறணிதான் பெரும்பாலும் போயிருந்தது. பொருள் இருந்தும் பாதை இல்லை.

இழந்தது கடந்தகாலம் மட்டுமா? 2007இல் டெமிஸ் ஹசாபிஸும் மக்வயரும் ஹிப்போகாம்பஸ் சிதைந்தவர்களிடம், மணற்கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து விவரிக்கச் சொன்னார்கள். அவர்கள் சொன்னவை துண்டுதுண்டாக இருந்தன. பழையதைக் கட்டுகிற அதே கருவிதான் வராததையும் கட்டுகிறது.

மறதியும் இந்த வேலைகளில் ஒன்று. ரொனால்டு டேவிஸ் குழு பழ ஈக்களில் கண்டபடி, கற்கப் பயன்படும் டோபமைன் என்னும் வேதிப்பொருளே கற்றதை அழிக்கவும் செய்கிறது. பால் ஃப்ராங்க்லாண்ட் குழு 2014இல் எலிகளில் காட்டியபடி, ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்கள் பெருகும்போது பழைய நினைவுகள் தேய்கின்றன. மழலைப் பருவம் நமக்கு ஏன் நினைவில்லை என்பதற்கு இது ஒரு வலுவான விளக்கம்.

அல்சைமர் நோயின் சிதைவு பெரும்பாலும் என்டோரைனல் புறணியில்தான் தொடங்குகிறது. அதனால்தான் பாட்டிக்குத் தன் கல்யாணப் பந்தல் நினைவிருக்கிறது, காலையில் சாப்பிட்டது நினைவில்லை. “அதெல்லாம் ஞாபகம் இருக்கு, இது மட்டும் இல்லையா?” என்று வீட்டில் எழும் கோபம் கிடங்கு எண்ணத்தின் விளைவு. அவர் பாசாங்கு செய்யவில்லை. பழையது புறணியெங்கும் பரவிவிட்டது. புதியதற்குத்தான் வாசல் அடைபட்டிருக்கிறது. திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டுச் சோதிப்பது அந்த வாசலைத் திறக்காது, அவரை அவமானப்படுத்த மட்டுமே செய்யும். அதே என்டோரைனல் புறணியில்தான் இடமறியும் வலைப்பின்னல் அணுக்களை மோசர் தம்பதியர் 2005இல் கண்டுபிடித்தார்கள். 2014இல் நோபல் பரிசும் பெற்றார்கள். ஆகவே முதியவர் பெயர்களை மறப்பதைவிட, நாற்பது வருடம் நடந்த தெருவில் வழி தடுமாறுவதைத்தான் குடும்பத்தினர் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும்.