காற்றுக்குக் காத்திருந்த கடாரம்

உள்நாட்டுச் சுற்றுலாவால் ஒரு மாநிலத்திற்கு என்ன பயன் என்பதே இன்றைய கேள்வி. இதற்கு விடை காணக் கெடா மாநிலத்தின் பழைய கதையைப் பார்ப்போம். வெளியிலிருந்து வந்தவர்களால் வளம் பெற்ற மண் அது.

நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த துறைமுகம் அங்கேதான் இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு 1,217 மீட்டர் உயர ஜெராய் மலைதான் வழிகாட்டி. மலையடிவாரத்தில் மெர்போக் ஆறு. வந்த கப்பல் உடனே திரும்ப முடியாது. வடகிழக்குக் காற்று வீசும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்களுக்குச் சோறும் குடிநீரும் தங்குமிடமும் தேவைப்பட்டன. வழிபட ஓர் இடமும் வேண்டியிருந்தது. ஏழாம் நூற்றாண்டில் இந்தியா சென்ற சீனத் துறவி யீ ஜிங்கும் இங்கே தங்கித்தான் கப்பல் ஏறினார். இன்று நாம் விருந்தோம்பல் தொழில் என்கிறோமே, அதை அந்த மக்கள் அன்றே செய்தார்கள்.

1025ஆம் ஆண்டு இராசேந்திர சோழனின் கடற்படை இங்கு வந்ததும், அவன் கடாரம் கொண்டான் என்று பெயர் பெற்றதும் நாம் அறிந்தவை. கொள்வதற்குச் செல்வம் இருந்ததால்தானே படை வந்தது? அந்தச் செல்வத்தைத் தந்தது துறைமுகமும் அதை நாடி வந்த வணிகரும்தான்.

பிற்காலத்தில் ஆற்றுமுகம் தூர்ந்தது; வணிகம் வேறு துறைமுகங்களுக்குப் போனது; கோயில்களைக் காடு மூடியது. 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸ் தம் மனைவியுடன் வந்து பூஜாங் பள்ளத்தாக்கில் பல கட்டட அடித்தளங்களை அகழ்ந்து வெளிக்கொணர்ந்தார். புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கற்கள் 1960 வாக்கில் மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்டன. சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைக்களங்கள் வெளிப்பட்டன.

இனி பொருளாதாரத்திற்கு வருவோம். நம் நாட்டில் வருமான வரியும் சுங்க வரியும் மத்திய அரசுக்குப் போகின்றன. மாநிலத்திற்கு முக்கியமாக மிஞ்சுவது நிலமும் காடும் தரும் வருமானம். கெடாவோ நெல் விளையும் மாநிலம். வயலை விற்றால் அரிசி போகும். காட்டை வெட்டினால் தண்ணீர் போகும். ஒரு பயணி வந்து போவதால் மண் குறைவதில்லை. அவர் தரும் ரிங்கிட் உணவுக்கடை, படகுக்காரர், வாடகைக்கார் ஓட்டுநர், சிறு தங்கும் விடுதி என்று கை மாறி அதே ஊரில் சுற்றுகிறது.

லங்காவி இதற்குச் சான்று. மீன்பிடிப்பும் விவசாயமுமாக இருந்த அந்தத் தீவு 1987இல் வரியில்லாத் தீவானது. 2007இல் யுனெஸ்கோ ஆதரவு பெற்ற புவிப்பூங்காவானது. 2020இல் கோவிட் வந்து எல்லைகள் மூடப்பட்டபோது தீவே முடங்கிப்போனது. 2021 செப்டம்பர் 16ஆம் நாள் அது மீண்டும் திறக்கப்பட்டபோது யார் போனார்கள்? தடுப்பூசி போட்டுக்கொண்ட மலேசியர்கள்தாம். வெளிநாட்டவருக்கு நாட்டின் எல்லைகள் முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் முதல் நாள். இடைப்பட்ட மாதங்களில் அடுப்பு எரிந்தது நம் சொந்த மக்களின் காசில்.

பூஜாங் பள்ளத்தாக்கின் நிலை வேறு. 2013இல், வேல்ஸ் வரிசையிட்ட 11ஆம் எண் கோயில், வீடமைப்புத் திட்டத்திற்காக நிலம் சமப்படுத்தப்பட்டபோது இடிக்கப்பட்டது. நிலம் தனியாருடையது, இடம் மரபுடைமையாகப் பதிவு செய்யப்படவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஆனால், கண்டித்த நம்மில் எத்தனை பேர் அதற்கு முன் அங்கே போயிருந்தோம்? ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தைக் காலி நிலம் என்றுதான் கணக்கெழுதுவார்கள். பேருந்து பேருந்தாய் மக்கள் வந்து இறங்கும் இடத்தில் கை வைக்க எவரும் இருமுறை யோசிப்பார்கள்.

தமிழ்நாட்டுக்கோ பாலிக்கோ போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் கடாரம் என்ற பெயரைக் கல்லில் பார்த்துப் பூரிக்கிற நாம், அந்தக் கடாரத்தையே பார்க்காமல் இருப்பது முறையா என்றுதான் கேட்கிறேன். சுங்கைப்பட்டாணியைத் தாண்டி நெடுஞ்சாலையில் விரைபவர்கள், அடுத்த பள்ளி விடுமுறையில் ஒருநாள் மெர்போக் பக்கம் திரும்புங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஓர் இரவு அங்கே தங்குங்கள். அந்த ஊர்க்காரருக்கு அது வருமானம். எஞ்சிய கற்களுக்கு அதுவே காவல்.