ஸூல்: வலைக்கும் மேசைக்கணினிக்கும் பொதுவான இடைமுக மொழி

ஸூல் என்பது மென்பொருளின் சாளரம், மெனு, பொத்தான், கருவிப்பட்டை ஆகியவற்றைக் குறிச்சொற்களால் விவரிக்கும் எக்ஸ்எம்எல் வகை மொழி. மொசில்லா திட்டத்தில் உருவானது. வலைப்பக்கங்களைத் திரையில் காட்டும் கெக்கோ பொறியே மேசைக்கணினி மென்பொருளின் முகப்பையும் வரையும்படி செய்தது இதன் சிறப்பு.

தோற்றம்

1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை மொசில்லா திட்டத்தின் வழியே பொதுவில் வெளியிட்டது. விண்டோஸ், மேக், யூனிக்ஸ் என ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் முகப்பைத் தனித்தனியே எழுதினால், மெனுவில் ஒரு வரி சேர்ப்பதற்குக்கூட மூன்று இடங்களில் கைவைக்க வேண்டும். உலாவியின் முகப்பையே ஒரு வலைப்பக்கம்போல எழுதிவிட்டால் இந்தச் சுமை தீரும் என்று டேவ் ஹயட் உள்ளிட்ட பொறியாளர்கள் கண்டனர். 2000இல் வந்த நெட்ஸ்கேப் 6, 2002இல் மொசில்லா 1.0, 2004இல் ஃபயர்ஃபாக்ஸ் 1.0, தண்டர்பேர்ட் 1.0 ஆகியவை ஸூல் முகப்புடன் வெளிவந்தன.

அமைப்பு

உறுப்புகளை ஸூல் குறிச்சொற்களும், தோற்றத்தை சிஎஸ்எஸ்ஸும், செயலை ஜாவாஸ்கிரிப்டும் கவனித்துக்கொண்டன. வலைப்பக்கம் எழுதத் தெரிந்தவர் இதற்கெனப் புதிதாகக் கற்கவேண்டியது குறைவு. கிடைமட்டப் பெட்டி, செங்குத்துப் பெட்டி என்ற இரண்டைக் கொண்டே பெரும்பாலான தளவமைப்புகள் அமைந்தன. இரு பெட்டிகளுக்கு ‘ஃப்ளெக்ஸ்’ மதிப்பு 1, 2 என்று கொடுத்தால், சாளரத்தில் மிஞ்சும் இடத்தை அவை 1:2 விகிதத்தில் பகிர்ந்துகொள்ளும்.

உரையாடல் பெட்டியில் ‘சரி’, ‘ரத்து’ இரண்டும் வேண்டும் என்று எழுதினால் போதும். விண்டோஸில் ‘சரி’ முதலிலும் மேக்கில் வலக்கோடியிலும் தானாக அமரும். என்ன வேண்டும் என்பதை நிரலாளர் சொல்ல, எங்கே வைப்பது என்பதை இயங்குதளத்தின் வழக்கத்துக்கு விட்டதுதான் இம்மொழியின் உயர்ந்த பண்பு.

திரையில் தோன்றும் சொற்கள் தனிக் கோப்பில் இருந்தன. நிரலைத் தொடாமலே மொழிபெயர்க்க இது வழிசெய்தது. ஃபயர்ஃபாக்ஸின் தமிழ்ப் பதிப்பும் இப்படி உருவானதே. ஆனால் அக்கோப்பில் ஒரு சொல் விடுபட்டாலும் சாளரம் திறக்காமல் பிழைச்செய்தி மட்டும் வந்து நிற்கும்.

பரவல்

2006இல் ஸூல்ரன்னர் என்ற இயக்கச்சூழல் வந்தபின், உலாவி இல்லாமலே ஸூல் மென்பொருள்களை இயக்க முடிந்தது. சாங்பேர்ட் இசைப்பான், ஆய்வாளர்களுக்கான ஸொட்டெரோவின் தனிச்செயலிப் பதிப்பு முதலியவை இவ்வழியில் வந்தன. ஸூல் கோப்பைச் சேவையகத்தில் வைத்து, வலைப்பக்கம்போல உலாவியில் திறக்கவும் முடிந்தது. இதே காலத்தில் இதேபோன்ற இடைமுக மொழிகளாக, மேக்ரோமீடியா 2004இல் எம்எக்ஸ்எம்எல்லையும், மைக்ரோசாஃப்ட் 2006இல் டாட்நெட் 3.0 உடன் ஸாம்லையும் வெளியிட்டன.

சரிவு

ஸூலைப் பிற உலாவிகள் ஏற்கவில்லை. அது வலைத்தரமாகவும் ஆகவில்லை. பாதுகாப்புக் கருதி, 2011இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4 வலைத்தளங்களிலிருந்து ஸூல் திறப்பதை நிறுத்தியது. உலாவிக்குக் கூடுதல் வசதி சேர்க்க ஸூலில் எழுதிய நீட்சிகள் அதன் உட்பகுதி வரை சென்று மாற்றங்கள் செய்தன. பயனர்கள் விரும்பிய சுதந்திரம் அது. ஆனால் உள்ளே எதை மாற்றினாலும் ஏதோ ஒரு நீட்சி முறிந்தது. பல செயல்முறைகளாக உலாவியைப் பிரிக்கும் வேலைக்கும் அது தடையானது. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 அவ்வகை நீட்சிகளைக் கைவிட்டது. உலாவியின் முகப்பிலும் ஸூலின் இடத்தை எச்டிஎம்எல் படிப்படியாக எடுத்துக்கொண்டது.

மரபு

வலைத்தர அமைப்பான டபிள்யூ3சி 2009இல் வெளியிட்ட, ஃப்ளெக்ஸ்பாக்ஸ் என்னும் சிஎஸ்எஸ் தளவமைப்பு முறையின் முதல் வரைவு ஸூலின் பெட்டி முறையை அடியொற்றியது; அதன் பதிப்பாசிரியர்களில் ஹயட்டும் ஒருவர். பல திருத்தங்களுக்குப் பின் அது எல்லா முதன்மை உலாவிகளிலும் இடம்பெற்றது. வலைத் தொழில்நுட்பத்தால் மேசைக்கணினி மென்பொருளை எழுதும் வழியை 2013இல் தொடங்கிய எலக்ட்ரான் என்ற மென்பொருள் சட்டகம் பரவலாக்கியது. ஸூல் தனிமொழியாக நிலைக்கவில்லை. அது முன்வைத்த வழி மென்பொருள் துறையின் பொது நடைமுறையாகிவிட்டது.