2009 ஈரான் தேர்தல் போராட்டங்கள்: வெளிநாடுகளில் எழுந்த எதிரொலி

2009 ஜூன் 12 அன்று ஈரானில் நடந்த அதிபர் தேர்தலின் முடிவை எதிர்த்து மூண்ட மக்கள் போராட்டத்துக்கு, உலகின் பல நாடுகளில் அரசுகளும் பொதுமக்களும் புலம்பெயர்ந்த ஈரானியர்களும் தெரிவித்த ஆதரவும் எதிர்ப்பும் இக்கட்டுரையில் தொகுக்கப்படுகின்றன. அரசுகள் தத்தம் நலனைக் கணக்கிட்டே பேசின. பொதுமக்களின் ஆதரவு அப்படிப்பட்டதன்று. அது தெருவிலும் விளையாட்டுத் திடலிலும் இசை மேடையிலும் கணினித் திரையிலும் தானாகவே பொங்கி எழுந்தது. போராடியவர்களுக்குத் துணையாக நின்ற அந்த ஆதரவே சில நேரங்களில் அவர்களுக்கு ஆபத்தாகவும் முடிந்தது.

பின்னணி

தேர்தலுக்கு மறுநாள், பதவியில் இருந்த அதிபர் மகமூத் அகமதிநெஜாத் சுமார் 2 கோடியே 45 லட்சம் வாக்குகள், அதாவது ஏறத்தாழ 63 விழுக்காடு பெற்று வென்றதாக உள்துறை அமைச்சகம் அறிவித்தது. முன்னாள் பிரதமர் மீர் உசேன் மூசவிக்கு 34 விழுக்காட்டுக்கும் குறைவான வாக்குகளே கிடைத்ததாகச் சொல்லப்பட்டது. மூசவியும் மற்றொரு வேட்பாளரான மெஹதி கரூபியும் முடிவை ஏற்க மறுத்தனர். ஜூன் 15 அன்று தெஹ்ரானின் ஆசாதி சதுக்கத்தை நோக்கி லட்சக்கணக்கானோர் பேரணியாகச் சென்றனர். மூசவியின் பிரசார நிறமான பச்சை, போராட்டத்தின் நிறமானது. "என் வாக்கு எங்கே?" என்பது அதன் முழக்கமானது.

ஜூன் 19 வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில் உச்சத் தலைவர் அயத்துல்லா அலி காமெனி தேர்தல் முடிவுக்கு ஆதரவாகப் பேசி, தெருப் போராட்டங்களை நிறுத்தும்படி எச்சரித்தார். மறுநாள் 26 வயது நெதா ஆகா-சொல்தான் தெஹ்ரான் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூன் 29 அன்று, ஒரு பகுதி வாக்குகளை மட்டும் மறுபடி எண்ணிய பின், தேர்தலை மேற்பார்வையிடும் பாதுகாவலர் அவை முடிவை உறுதி செய்தது.

அரசுகளின் நிலைப்பாடு

வெனிசுவேலாவின் உகோ சாவேசும் துருக்கியின் தலைவர்களும் அகமதிநெஜாதை விரைவாக வாழ்த்தினர். இது ஈரானின் உள்நாட்டு விவகாரம் என்றது ரஷ்யா. போராட்டம் உச்சத்தில் இருந்த ஜூன் 16 அன்று அகமதிநெஜாத் ரஷ்யாவின் எகதெரின்பூர்க் நகரில், ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் மாநாட்டில் கலந்துகொண்டார். பிரேசில் அதிபர் லூலா, தோற்ற தரப்பின் கோபத்தை ரியோ நகரின் ஃபிளமெங்கோ, வாஸ்கோ கால்பந்து அணிகளின் ரசிகர்கள் போடும் சண்டைக்கு ஒப்பிட்டார். உயிரைப் பணயம் வைத்துத் தெருவில் இறங்கியவர்களைப் பற்றிய பேச்சு என்பதால் இது பலரைப் புண்படுத்தியது.

மேற்கு ஐரோப்பாவில் எதிர்வினை கடுமையாக இருந்தது. பிரெஞ்சு அதிபர் நிக்கோலா சர்க்கோசி மோசடி என்றே வெளிப்படையாகச் சொன்னார். ஜெர்மனியின் அங்கெலா மெர்க்கெல் மறு எண்ணிக்கை கோரினார். பிரிட்டனுடனான உறவு மிகவும் கெட்டது. இரு நாடுகளும் மற்றதன் தூதரக அதிகாரிகள் இருவரை வெளியேற்றின. தெஹ்ரானில் பிரிட்டிஷ் தூதரகத்தின் உள்ளூர் ஊழியர்கள் கைதாயினர்.

அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா முதலில் அளந்தே பேசினார். அதற்குக் காரணம் இருந்தது. 1953-இல் பிரதமர் முகமது மொசாதெக்கின் ஆட்சியைக் கவிழ்த்ததில் அமெரிக்காவுக்குப் பங்கு உண்டு. தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு கெய்ரோ உரையில் ஒபாமாவே அதைக் குறிப்பிட்டிருந்தார். வெளிப்படையாக ஆதரித்தால் போராட்டக்காரர்களுக்கு அந்நியக் கைக்கூலிகள் என்ற முத்திரை விழும் என்று அவரது நிர்வாகம் கருதியது. வன்முறை பெருகியதும் ஜூன் 23 அன்று அவர் கடுமையாகக் கண்டித்தார். நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் கூடியவர்கள், ஒபாமா தங்கள் பக்கமா ஆட்சியாளர்கள் பக்கமா என்று கேட்டு முழக்கமிட்டனர். 2009-இல் காட்டிய தயக்கம் தவறு என்று ஒபாமா 2022-இல் ஒப்புக்கொண்டார்.

புலம்பெயர்ந்தோரின் போராட்டம்

வெளிநாட்டு ஈரானியர்களுக்கு இது தொலைவில் நடந்த செய்தி அன்று. அவர்களும் தூதரகங்களிலும் பிற வாக்குச்சாவடிகளிலும் வரிசையில் நின்று வாக்களித்தவர்கள். அரசு வெளியிட்ட கணக்கிலேயே வெளிநாட்டு வாக்குகளில் மூசவிதான் முன்னணியில் இருந்தார். தெஹ்ரானில் எழுந்த கேள்வியை லண்டன், பாரிஸ், பெர்லின், ஸ்டாக்ஹோம், டொராண்டோ, லாஸ் ஏஞ்சலீஸ், சிட்னி தெருக்களில் தங்கள் சொந்தக் கேள்வியாகவே அவர்கள் எழுப்பினர்.

ஜூன் 17 அன்று திரைப்பட இயக்குநர் மொஹ்சென் மக்மல்பாஃபும் வரைகதை ஆசிரியர் மர்ஜான் சத்ராபியும் பிரசல்சில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் தோன்றி, மூசவியே வென்றார் என்று வாதிட்டனர். ஜூலையில் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் எதிரே பத்திரிகையாளர் அக்பர் கஞ்சி தலைமையில் மூன்று நாள் உண்ணாவிரதம் நடந்தது. ஜூலை 25 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் ஒரே நாளில் ஆதரவுக் கூட்டங்கள் நடந்தன. நோபல் அமைதிப் பரிசு பெற்ற ஷிரின் எபாதியும் டெஸ்மண்ட் டூட்டூவும் அதற்குத் துணை நின்றனர்.

எல்லாமே அமைதியாக நடந்துவிடவில்லை. ஜூன் 26 அன்று ஸ்டாக்ஹோமில் ஈரானியத் தூதரகத்துக்குள் சிலர் அத்துமீறி நுழைந்தனர். அங்கே கைகலப்பு மூண்டது.

விளையாட்டும் கலையும்

ஜூன் 17 அன்று சியோல் உலகக் கோப்பைத் திடலில் ஈரானும் தென் கொரியாவும் தகுதிச் சுற்று ஆட்டத்தில் மோதின. அணித்தலைவர் மெஹதி மஹ்தவிகியா உள்ளிட்ட ஈரானிய வீரர்கள் பலர் மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டிக்கொண்டு களமிறங்கினர். அரங்கத்தில் வாக்கு எங்கே என்று கேட்கும் பதாகைகள் விரிந்தன. இடைவேளைக்குப் பின் திரும்பியபோது பெரும்பாலோரின் கையில் பட்டை இல்லை. ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிய, ஈரான் உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. ஆனால் நாட்டின் பெயரைச் சட்டையில் சுமந்தவர்கள் நேரலையில் தங்கள் மனத்தைக் காட்டிய அந்த முதல் பாதி, அறிக்கைகள் பலவற்றைவிட ஆழமாகப் பதிந்தது.

இசைக் கலைஞர் ஜோன் பேயஸ் தாம் பாடிப் பிரபலமாக்கிய உரிமைப் பாடலைப் பாரசீக வரிகளும் சேர்த்துப் பாடிப் பதிவிட்டார். ஜான் பான் ஜோவி, ஈரானியப் பாடகர் ஆண்டியுடன் இணைந்து பாடினார். யு2 குழு தன் இசைப் பயணத்தில் மேடையைப் பச்சை ஒளியில் நனைத்துப் பாரசீக எழுத்துகளைத் திரையில் ஓடவிட்டது. மான்ட்ரியல் திரைப்பட விழாவில் நடுவர் குழுத் தலைவராக இருந்த இயக்குநர் ஜாஃபர் பனாஹி பச்சைத் துணி அணிந்து வந்தார். 2010 கான் விழாவில் நடுவராக அழைக்கப்பட்ட அவர் அப்போது சிறையில் இருந்ததால், அவரது நாற்காலி காலியாகவே வைக்கப்பட்டது.

2009 டிசம்பரில் மாணவர் தலைவர் மஜித் தவக்கோலி கைதானார். பெண் வேடமிட்டுத் தப்ப முயன்றதாகக் கூறி, அவர் தலையில் முக்காடுடன் இருக்கும் படத்தை ஈரானிய அரசு சார்பு ஊடகங்கள் வெளியிட்டன. அவரை இழிவுபடுத்துவதே நோக்கம். பல நாடுகளில் ஆண்கள் தாங்களும் முக்காடு அணிந்து படம் எடுத்து வெளியிட்டனர். பெண்ணின் உடை ஆணுக்கு அவமானம் என்ற எண்ணத்தையே அந்தப் படங்கள் அடியோடு மறுத்தன.

இணையத்தின் பங்கு

வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தெருவுக்கு வந்து செய்தி சேகரிக்கத் தடை வந்ததும், கைப்பேசிக் காணொளிகளே உலகுக்குச் சாளரமாயின. நெதாவின் இறுதிக் கணங்களைப் பதிவு செய்தவருக்குப் பெயர் அறியாமலேயே அமெரிக்காவின் ஜார்ஜ் போல்க் விருது வழங்கப்பட்டது. ஆக்ஸ்போர்டின் குயின்ஸ் கல்லூரி நெதாவின் பெயரில் உதவித்தொகை ஒன்றை நிறுவ, ஈரானியத் தூதரகம் ஆட்சேபித்தது. கூகுள் பாரசீக மொழிபெயர்ப்பையும் ஃபேஸ்புக் பாரசீகப் பதிப்பையும் அவசரமாக வெளியிட்டன. அமெரிக்க வெளியுறவுத் துறையும் கேட்டுக்கொண்ட நிலையில் ட்விட்டர் தன் பராமரிப்புப் பணியைத் தள்ளிவைத்தது. வெளிநாட்டவர் பலர் தங்கள் கணக்கின் இருப்பிடத்தைத் தெஹ்ரான் என மாற்றிக்கொண்டனர். அதிகாரிகள் தேடும்போது உண்மையான தெஹ்ரான்வாசிகள் கூட்டத்தில் மறையட்டும் என்பது எண்ணம்.

இந்தப் போராட்டத்தை "ட்விட்டர் புரட்சி" என்று அழைத்தது மிகை. ஈரானுக்குள் ட்விட்டர் பயன்படுத்தியோர் சொற்பம். பெரும்பாலான பதிவுகள் வெளியிலிருந்து, ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை என்று பத்திரிகையாளர் கோல்னாஸ் எஸ்ஃபந்தியாரி 2010-இல் சுட்டிக்காட்டினார். பேரணிகளைத் திரட்டியது பெரும்பாலும் வாய்மொழியும் தொலைபேசியும்தான். அவசரம் அநீதியும் செய்தது. நெதாவின் பெயரை ஒத்த பெயர் கொண்ட பல்கலைக்கழக ஆசிரியை ஒருவரின் ஃபேஸ்புக் படத்தை உலக ஊடகங்கள் நெதாவின் படம் என்று பரப்பின. உயிரோடு இருந்த அந்தப் பெண் திருத்தக் கோரியும் படம் நிற்கவில்லை. ஈரானிய உளவுத்துறை நெருக்க, அவர் நாட்டை விட்டு ஓடி ஜெர்மனியில் அடைக்கலம் தேட வேண்டியதாயிற்று.

ஈரான் அரசின் பதில்

வெளிநாட்டு ஆதரவு அனைத்தும் ஆயுதமின்றி ஆட்சியைக் கவிழ்க்கும் மென்புரட்சிச் சதி என்றது ஈரான் அரசு. 2009 ஆகஸ்டில் தொடங்கிய கூட்டு வழக்கு விசாரணையில் சீர்திருத்தவாதிகளோடு, பிரிட்டிஷ், பிரெஞ்சுத் தூதரக ஊழியர்களும் ஒரு பிரெஞ்சு ஆசிரியையும் நிறுத்தப்பட்டனர். நியூஸ்வீக் செய்தியாளர் மாசியார் பஹாரி 118 நாள் சிறையில் இருந்தார். அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றுக்கு அவர் அளித்த பேட்டிகூட உளவுக்குச் சான்றாக அவர்முன் வைக்கப்பட்டது. வெளிநாட்டுப் பேரணிகளில் கலந்துகொண்டோரின் உறவினர்கள் ஈரானில் விசாரணைக்கு அழைக்கப்பட்டனர்.

விளைவுகளும் மதிப்பீடும்

வெளிநாட்டு ஆதரவால் தேர்தல் முடிவு மாறவில்லை. அகமதிநெஜாத் ஆகஸ்ட் 5 அன்று பதவியேற்றார். மூசவி, அவரது மனைவி சஹ்ரா ரஹ்னவார்ட், கரூபி மூவரும் 2011 பிப்ரவரியில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டனர். ஆயினும் பயன் இல்லாமல் போகவில்லை. சாவுகளும் சித்திரவதைகளும் பெயரோடும் தேதியோடும் பதிவாயின. 2011 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஈரானுக்கெனத் தனி அறிக்கையாளர் பதவியை மீண்டும் உருவாக்கியது. மாலத்தீவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் அகமது ஷஹீத் அதற்கு நியமிக்கப்பட்டார். 2022-இல் ஈரானில் காவலில் இருந்த இளம்பெண் மஹ்சா அமினியின் மறைவுக்குப் பின் பெர்லினில் காவல்துறைக் கணக்குப்படி சுமார் 80,000 பேர் திரண்டபோது, 2009-இல் உருவான தொடர்புகளும் பழக்கமும் கைகொடுத்தன.

வெளியிலிருந்து ஆதரிப்போர் ஒரு நாட்டின் தேர்தலைத் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. உள்ளே இருப்பவர்களின் குரலைத் திரிக்காமல் எடுத்துச் செல்வதும், பரப்புமுன் சரிபார்ப்பதும், பரபரப்பு ஓய்ந்த பின்னும் சிறையில் இருப்போரை மறவாமல் இருப்பதுமே அவர்கள் செய்யக்கூடிய உண்மையான உதவி. 2009-இல் இவற்றைச் செய்தவர்களின் பணியே நிலைத்தது.