பனிக்கட்டி ஏறிய கப்பல்

கொல்லன் தெருவில் ஊசி விற்கலாகாது என்பது நம் முன்னோர் கண்ட வணிக நீதி. ஊசியில்லாத ஊரைத் தேடிச் செல்பவனே நல்ல வணிகன். ஆனால், அந்த ஊர் நான்கு மாதக் கடற்பயணத்துக்கு அப்பால் இருந்து, கொண்டு செல்லும் சரக்கும் வழியிலேயே உருகிவிடும் இயல்புடையதாயின், அவன் என் செய்வான்? இவ்வினாவுக்கு விடை கண்டவர் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரடெரிக் டியூடர்.

1783இல் பிறந்த டியூடர், குளிர்காலத்தில் தம் நாட்டு ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை வெப்ப நாடுகளுக்கு விற்க எண்ணினார். 1806இல் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 130 டன் பனிக்கட்டியைக் கொண்டு சென்றார். ஊரார் நகைத்தனர். சரக்குப் போய்ச் சேர்ந்தது உண்மை. ஆனால் அதைச் சேமித்து வைக்கக் கிடங்கு அங்கே இல்லை. வாங்கியவர்களுக்கோ அதைப் பேணும் முறை தெரியவில்லை. இலாபத்துக்குப் பதிலாக நஷ்டமே விளைந்தது. கடன் முற்றி, 1812இலும் 1813இலும் அவர் சிறை செல்லவும் நேர்ந்தது.

எனினும் அவர் முயற்சியைக் கைவிட்டாரில்லை. சரக்கு எவ்வளவு சிறந்ததாயினும், அதை வெட்டுதல், அடுக்குதல், காத்தல், வழங்குதல் ஆகிய அனைத்தும் ஒழுங்குபட்டாலன்றி வாணிகம் நிலைக்காது என்பதை உணர்ந்தார். 1825ஆம் ஆண்டளவில், அவருடன் தொழில் புரிந்த நத்தானியேல் வயெத், குதிரை இழுக்கும் கலப்பை போன்றதொரு வெட்டுக் கருவியை அமைத்தார். உறைந்த ஏரியின் பரப்பை அது சம அளவான கட்டிகளாகப் பிளந்தது. சதுரக் கட்டிகளை இடைவெளியின்றி அடுக்க முடிந்தமையால் உருகுவதும் குறைந்தது. வெப்பத்தைத் தடுக்க, மர அறுவை ஆலைகளில் வீணே குவிந்து கிடந்த மரத்தூள் பயன்பட்டது.

இனி இந்தியாவுக்கு வருவோம். கல்கத்தாவிலிருந்து அவுரி, தோல், வெடியுப்பு முதலியவற்றை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் பாஸ்டனுக்குச் சென்றுகொண்டிருந்த காலம் அது. ஆனால் இங்கு வருகையில் அவற்றில் ஏற்றப் போதிய சரக்கு இராது. கப்பல் நிலைகொள்வதற்காகக் கல்லையும் பிற பாரத்தையும் ஏற்றுவர். அந்தக் கல்லுக்குப் பதிலாகப் பனிக்கட்டியை ஏற்றினால் என்ன என்று கல்கத்தா வாணிகத்தில் பழகிய சாமுவேல் ஆஸ்டின் என்பவர் யோசனை கூறினார். ஏரியில் உறைந்த நீர், ஆலையின் மரத்தூள், கப்பலின் வெற்றிடம் ஆகிய மூன்றும் தனித்தனியே விலை பெறாதவை. மூன்றும் ஒன்று சேர்ந்தபோதோ பெருஞ்செல்வம் ஆயின!

1833 மே மாதம் 'டஸ்கனி' என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, செப்டம்பரில் கல்கத்தா வந்தடைந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. அரசினர் சுங்கவரியை நீக்கினர்; பகல் வெயிலில் உருகாதபடி இரவில் இறக்கவும் இசைவு தந்தனர். கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங், சரக்குடன் வந்த முகவருக்கு வெள்ளிக் கோப்பை ஒன்றைப் பரிசளித்தார். நகரத்தார் பணம் திரட்டிக் கிடங்கு கட்டினர். மார்த்தினிக்கில் எது இல்லாமற்போயிற்றோ அது இங்கே கிடைத்தது.

அதற்கு முன் வங்காளத்தில் பனிக்கட்டியே இல்லையென எண்ணவேண்டா. குளிர்கால இரவுகளில் ஆழமற்ற மண்கலங்களில் நீரூற்றி, வைக்கோல்மேல் வைத்து, விடியுமுன் உறைந்த மெல்லிய ஏட்டைச் சேகரிக்கும் கலையை நம்மவர் அறிந்திருந்தனர். அமெரிக்கக் கட்டியோ தூய்மையும் உறுதியும் உடையது. ஆதலால் அது சந்தையை வென்றது. ஆயினும் அதைப் பெரிதும் துய்த்தவர் ஆங்கிலேயரும் செல்வருமே. சுமந்து சென்ற ஏழைத் தொழிலாளியின் தாகத்தைத் தணிக்க அது வந்ததன்று என்பதையும் வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

1842இல் சென்னைக் கடற்கரையிலும் ஒரு பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. பல்லாண்டு தழைத்த இந்த வாணிகம் எவ்வாறு முடிந்தது? போட்டிக் கப்பலொன்று வந்ததால் அன்று. 1870களில் நீராவிப் பொறியின் துணையால் சென்னையிலும் கல்கத்தாவிலுமே பனிக்கட்டி செய்யத் தொடங்கினர். உள்ளூரில் அன்றாடம் உறையவைக்கக் கூடியதற்காகக் கப்பலை எதிர்நோக்கி எவர் காத்திருப்பர்? 1864இல் மறைந்த டியூடர் இந்த முடிவைக் காணவில்லை.

மாணவர்களே, இவ்வரலாறு இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. அயல்நாட்டுச் சந்தை, பண்டத்தால் மட்டும் அமைவதில்லை. கிடங்கு, வழி, வரி, வாங்குவோர் பழக்கம் ஆகிய அனைத்தும் கூடியே அமைகிறது. அடுத்து, வாங்குவோரால் செய்துகொள்ள இயலாமை ஒன்றையே நம்பி நிற்கும் ஏற்றுமதி, அவர்கள் செய்யக் கற்கும் நாள்வரைதான் நிற்கும். விற்கும் நாடு அந்நாளுக்கு முன்பே புதுப்பொருள் காணவேண்டும்; வாங்கும் நாடு அந்நாளை விரைவில் வருவித்தல் வேண்டும்.

சென்னைக் கிடங்கு பின்னர்ப் பலர் கைமாறியது. 1897இல் சுவாமி விவேகானந்தர் அதில் சில நாள் தங்கினார்; இன்று அது விவேகானந்தர் இல்லம் என வழங்குகிறது. திருவல்லிக்கேணியின் அப்பகுதியை மக்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே அழைக்கின்றனர். சரக்கு உருகிப்போயிற்று, பெயர் உருகவில்லை.