வங்காளத்துக் காந்தா: முடிக்கப்படாத தையலும் புதிய சந்தையும்

ஜெசூர், ஃபரீத்பூர், ராஜ்ஷாஹி முதலான வங்காளப் பகுதிகளில் பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக ஒரே வரிசையில் செலுத்தும் ஓட்டுத்தையலால் இணைத்து உருவாக்கப்படும் போர்வையே காந்தா ஆகும். வண்ண நூலும் பழஞ்சேலைக் கரைகளிலிருந்தே உருவப்பட்டது. குளிருக்குப் போர்த்தும் தடித்த ‘லேப்’, விரிப்பாகும் ‘சுஜனி’ என அதன் வகைகள் பல. வீட்டு வேலைகளுக்கிடையே கிடைத்த பொழுதில் மட்டுமே தைக்கப்பட்டதால், நடுவில் தாமரையும் நான்கு மூலைகளில் மரமோ மாங்காய் வடிவமோ அமைந்த சித்திரக் காந்தா ஒன்று நிறைவுபெறப் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள், பிடித்தன. பாட்டி தொடங்கியதைப் பேத்தி முடித்ததும் உண்டு. ஆகவே தையலின் நெருக்கம் இடத்துக்கிடம் மாறுவதைக் குறையாகக் கொள்வது பொருந்தாது. வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாடல், பிரிவாற்றாத மனைவி தன் வாழ்வையே தைக்கும் போர்வையைக் களமாகக் கொண்டது.

1971 விடுதலைப் போருக்குப் பின் வங்கதேசத்தில் இக்கலை, அப்போரால் நலிந்த பெண்களின் வாழ்வாதாரமாகப் புத்துயிர் பெற்றது. 1978இல் தொடங்கிய ‘ஆரோங்’ போன்ற விற்பனை நிலையங்கள் புதுத்துணி, அளவு, தவணை ஆகியவற்றை வரையறுத்தன. இன்று காந்தாச் சேலை எனக் கடைகளில் விற்கப்படும் பட்டுச்சேலையில் பெரும்பாலும் தையல் மட்டுமே எஞ்சியுள்ளது, அடுக்குகள் இல்லை.