வேலி வந்த கதை

கால்பந்து கனவான்களுக்கு உரிய ஆட்டம், அதை ஆடுபவர்களோ ரவுடிகள். ரக்பி ரவுடிகளுக்கு உரிய ஆட்டம், அதை ஆடுபவர்களோ கனவான்கள் என்று பிரிட்டனில் நெடுங்காலமாக ஒரு பேச்சு வழங்கிவருகிறது. ஆடுபவர்களைப் பற்றிச் சொன்ன இந்தச் சொல் மெல்ல மெல்லப் பார்ப்பவர்கள் மீதும் ஒட்டிக்கொண்டது. ரக்பி மைதானத்தில் இரண்டு அணிகளின் ரசிகர்களும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து பார்க்கிறார்கள். கால்பந்து மைதானத்தில் அவர்களைத் தனித்தனியே பிரித்து, நடுவே காவலர் வரிசையையும் காலி இருக்கைகளையும் விட்டுவைக்கிறார்கள். இதைப் பார்க்கிறவர்கள், ஆட்டத்தின் குணம் ஆட்களிடம் படிந்துவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். வரலாற்றைப் புரட்டினால் அந்த முடிவு நிற்பதில்லை. ஆட்டக்காரனுக்குக் கூலி கொடுக்கலாமா, டிக்கெட்டை யாருக்கு விற்பது, வந்த கூட்டத்தை எங்கே நிறுத்துவது என்று சங்கங்களும் அரசும் எடுத்த முடிவுகள்தான் இரண்டு கூட்டங்களையும் இரண்டு விதமாக வளர்த்தன என்பது என் வாதம்.

இரண்டு ஆட்டங்களும் ஒரே வயிற்றில் பிறந்தவை. 1863 அக்டோபர் 26 அன்று லண்டன் ஃப்ரீமேசன்ஸ் விடுதியில் சில கிளப்காரர்கள் கூடியபோது, எல்லாருக்கும் பொதுவாக ஒரே விதிநூல் எழுதுவதுதான் நோக்கம். அடுத்தடுத்த கூட்டங்களில் சண்டை வந்தது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாமா, எதிராளியின் கணைக்காலில் உதைத்து வீழ்த்தலாமா என்ற இரண்டும்தான் பிரச்சினை. உதைப்பதை விலக்கினால் ஆட்டத்தில் ஆண்மையே இல்லாமல் போய்விடும் என்று வாதாடிய பிளாக்ஹீத் கிளப் தோற்று வெளியேறியது. கால்பந்துச் சங்கம் ஒருபக்கம் நின்றது. 1871 ஜனவரியில் 21 கிளப்புகள் சேர்ந்து ரக்பிச் சங்கத்தைத் தொடங்கின. அந்தச் சங்கம் முதலில் எழுதிய விதிகளிலேயே கணைக்காலில் உதைப்பது தடைசெய்யப்பட்டது! எதற்காகப் பிரிந்தார்களோ அந்தக் காரணம் எட்டே ஆண்டில் காணாமல் போனது. பிரிந்தவர்கள் மட்டும் மறுபடி சேரவில்லை. முரட்டுத்தனம் பிடித்தவர்கள் அந்தப் பக்கம், பிடிக்காதவர்கள் இந்தப் பக்கம் என்ற எளிய விளக்கம் இங்கேயே இடறுகிறது. அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் ஒரே மாதிரிப் பள்ளிகளில் படித்த, ஒரே மாதிரி வருமானம் உள்ள ஆட்கள்.

உண்மையான பிளவு கூலியில் வந்தது. 1870களிலும் 80களிலும் லங்காஷயர், யார்க்‌ஷயர் ஆலை ஊர்களில் சனிக்கிழமை பிற்பகல் விடுமுறை பழக்கத்துக்கு வர, தொழிலாளர்கள் இரண்டு ஆட்டங்களையும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1883-இல் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற ஆலைத் தொழிலாளர் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை 2-1 என்று வென்றது. அதற்குப் பிறகு அந்தக் கோப்பையைப் பழைய மாணவர் அணி எதுவும் தொட்டதில்லை. வடக்கத்திக் கிளப்புகள் மறைவாகப் பணம் கொடுப்பது தெரிந்ததும் கால்பந்துச் சங்கம் முணுமுணுத்தது. ஆனாலும் 1885-இல் தொழில்முறை ஆட்டத்தை ஒப்புக்கொண்டது. மூன்று ஆண்டில், 1888-இல், 12 கிளப்புகளோடு கால்பந்து லீக் பிறந்தது. ரக்பிச் சங்கத்தார் இதைப் பார்த்துப் பயந்தார்கள். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்கிறவன் ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் நாளுக்கு இழந்த கூலியையாவது கொடுங்கள் என்று யார்க்‌ஷயர் கிளப்புகள் கேட்டன. 1893-இல் அது வாக்கெடுப்புக்கு வந்து 282-க்கு 136 என்று தோற்றது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு ஊர் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திக் கிளப்புகள் தனிச் சங்கம் கண்டன. இன்று ரக்பி லீக் என்று அழைக்கப்படுவது அதன் வழித்தோன்றல். பழைய சங்கத்தின் ஆட்டம் ரக்பி யூனியன் எனப்படுகிறது. அவர்கள் முதலில் அனுமதித்த இழப்பீடு ஒரு நாளுக்கு ஆறு ஷில்லிங். அந்த ஆறு ஷில்லிங்குக்காக ஒரு ஆட்டம் இரண்டாய்ப் பிளந்தது. லீக் பக்கம் போனவன் யூனியன் மைதானத்தில் மறுபடி கால்வைக்க முடியாது என்ற தடை ஏறக்குறைய நூறாண்டு நீடித்தது.

வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் 1823-இல் ரக்பி பள்ளியில் பந்தைக் கையில் எடுத்து ஓடியதால் ஆட்டம் பிறந்தது என்ற கதையையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு கதை முதலில் அச்சானது 1876-இல். எல்லிஸ் இறந்து நான்கு ஆண்டு கழித்து. பழைய மாணவர் சங்கம் விசாரணை வைத்தது 1895-இல், அதாவது வடக்கத்தித் தொழிலாளர்கள் பிரிந்துபோன அதே ஆண்டில். கண்ணால் கண்ட சாட்சி ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. இருந்தும் 1900-இல் பள்ளிச் சுவரில் கல்வெட்டு பதித்தார்கள். ஆட்டம் எங்கள் பள்ளியின் சொத்து என்று பத்திரம் எழுதிக்கொள்ளும் அவசரம் அதில் தெரிகிறது. ரக்பி யூனியனின் உலகக் கோப்பை இன்றும் எல்லிஸின் பெயரைத் தாங்கித்தான் நிற்கிறது.

கூலி மறுக்கப்பட்டதன் விளைவு பார்வையாளர் வரிசை வரை போனது. பணத்துக்கு ஆடக்கூடாது என்றால் பணம் கொழிக்கும் போட்டிகளும் கூடாது. ஆகவே இங்கிலாந்தின் யூனியன் ரக்பியில் 1987 வரை நாடு தழுவிய லீக்கே கிடையாது. கிளப்புகள் தங்களுக்குள் கடிதம் எழுதி ஆட்டம் வைத்துக்கொண்டன. தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதில்லை. வென்றால் பட்டியலில் ஏறப்போவதும் இல்லை. வெளியூர் ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் திரண்டு போக ரசிகனுக்கு என்ன தேவை இருந்தது? ட்விக்கன்ஹம் மைதானத்தின் சர்வதேச ஆட்ட டிக்கெட்டுகளோ பெரும்பாலும் உறுப்புக் கிளப்புகளின் வழியாகவே பங்கிடப்பட்டன. வருகிறவர் யாரோ ஒரு கிளப்பின் உறுப்பினர், பக்கத்து இருக்கைக்காரரை அறிந்தவர், தவறினால் கிளப்பில் பதில் சொல்ல வேண்டியவர். கல்யாண வீட்டுப் பந்தியில் யாரும் கம்பித் தடுப்பு வைப்பதில்லை. கால்பந்தோ வாசலில் காசு நீட்டியவர் எல்லாரையும் உள்ளே விட்டது. அது அந்த ஆட்டத்தின் பெருமை என்றே நான் கருதுகிறேன். முகமறியாத பல்லாயிரம் பேரை ஒரே இடத்தில் வைத்துப் பராமரிக்கும் பொறுப்பு அந்தப் பெருமையோடு சேர்ந்தே வந்தது. அந்தப் பொறுப்பைக் கிளப்புகள் ஏற்கவில்லை.

இந்தப் பிரிவினையின் சாயல் நம் நாட்டிலும் விழுந்தது. 1870களில் கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் நடத்திய ரக்பிக் கிளப் ஆளில்லாமல் கலைந்தபோது, வங்கியில் மிஞ்சிய பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்து ரக்பிச் சங்கத்துக்கு அனுப்பினார்கள். நாகப்பாம்புக் கைப்பிடிகளும் மூடியில் யானையும் கொண்ட அந்தக் கோப்பைக்குத்தான் 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுகின்றன. 1988-இல் எடின்பரோவில் ஆட்டம் முடிந்த இரவு, இரு அணி வீரர்கள் குடித்துவிட்டு அதை வீதியில் உதைத்து நசுக்கினார்கள். அதே கல்கத்தாவில் கால்பந்து கிளப் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. 1911-இல் மோகன் பகான் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ராணுவ அணியை வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றபோது அது ஊரின் வெற்றியாயிற்று.

ரக்பி பார்ப்பவர்கள் இயல்பிலேயே சாந்தமானவர்கள் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. 1913 புத்தாண்டு நாளில் பாரிஸில் பிரான்ஸ் ஸ்காட்லாந்திடம் தோற்றதும் கூட்டம் ஆங்கிலேய நடுவர் மீது பாய்ந்தது. அடுத்த ஆண்டு பிரான்ஸுடன் ஆட ஸ்காட்லாந்து மறுத்துவிட்டது. 1924 ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் அமெரிக்கா பிரான்ஸை 17-3 என்று வென்றபோது, கேலரியில் இருந்த அமெரிக்கர்கள் அடிபட்டார்கள், பரிசளிப்பில் அவர்கள் நாட்டுப்பண் கூச்சலில் மூழ்கியது. 1981 ஜூலை 25 அன்று நியூசிலாந்தின் ஹாமில்டனில், நிறவெறித் தென்னாப்பிரிக்காவின் அணி வந்ததை எதிர்த்து மைதானத்துக்குள் நின்ற போராட்டக்காரர்களால் ஆட்டம் ரத்தானது. கேலரியிலிருந்து போத்தல்கள் பறந்தன, வெளியேறியவர்களை ரக்பி ரசிகர்கள் அடித்தார்கள். தென்னாப்பிரிக்காவிலோ மைதானங்களே நிறம் பார்த்துப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. வெள்ளையர் அல்லாதவர்களுக்கு ஒதுக்கிய மூலையில் நின்றவர்களில் பலர், தங்களை மனிதராக மதிக்காத நாட்டின் அணியை விட்டுவிட்டு, வந்த அணிக்கே கைதட்டினார்கள். கலந்து உட்காரும் ஆட்டம் என்ற பெருமையைப் பேசும்போது இந்த மூலையையும் நினைவில் வைக்க வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பணக்காரர் ஆட்டம், கிளப் டிக்கெட் என்பதெல்லாம் சரி. வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் ரக்பி பார்த்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள் அல்லவா? ரக்பி லீக் பார்த்தவர்கள் ஆலைத் தொழிலாளர்கள் அல்லவா? 1954-இல் பிராட்ஃபர்டின் ஓட்ஸல் மைதானத்தில் ஹாலிஃபாக்ஸ்–வாரிங்டன் மறு ஆட்டத்துக்குக் கணக்கில் வந்தவர்கள் மட்டும் 1,02,569 பேர். அங்கே ஏன் வேலி வரவில்லை? இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். தொழிலாளி கூடினால் கலவரம் என்ற எண்ணத்தை அது முற்றாக உடைக்கிறது. அந்த அளவில் அது என் வாதத்துக்கே துணை. மிஞ்சுவது, ஆட்டத்தின் தன்மைதான் காரணமோ என்ற சந்தேகம். அதற்குப் பதில் கால்பந்தின் பழைய நாட்களிலேயே இருக்கிறது. 1923-இல் வெம்ப்ளியின் முதல் இறுதியாட்டத்துக்குக் கணக்கில் 1,26,047 பேர், கணக்குக்கு வெளியே இன்னும் பல்லாயிரம் பேர் நுழைந்து புல்தரையையே நிறைத்தார்கள். போல்ட்டன், வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் கலந்தே நின்றார்கள். குதிரைக் காவலர்கள் மெல்ல ஒதுக்க, ஆட்டம் நடந்தது. பல ஊர்களில் இடைவேளையில் ரசிகர்கள் தங்கள் அணி எந்த கோலைத் தாக்குகிறதோ அந்தப் பக்கத்துக்கு நடந்து போவது வழக்கம். வழியில் எதிரணிக்காரர்களைக் கடந்துதான் போவார்கள். 1909-இல் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் மைதானத்தில் தீ வைக்கப்பட்டது உண்மை. ஆனால் அங்கே ரேஞ்சர்ஸ் ரசிகர்களும் செல்டிக் ரசிகர்களும் சேர்ந்தே கலவரம் செய்தார்கள். சமநிலையில் முடிந்த ஆட்டத்துக்குக் கூடுதல் நேரம் தரவில்லை, இன்னொரு டிக்கெட் விற்கப் பார்க்கிறார்கள் என்பதுதான் கோபம்.

மாற்றம் 1960களில் வந்தது. கையில் கூலிக்காசு உள்ள இளைஞர்கள், கால்பந்துக்கென்றே விடப்பட்ட மலிவு ரயில்களில் வெளியூர் ஆட்டங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். நின்று பார்க்கும் படிகளில் ஒரு முனையை இளைஞர் கூட்டம் தன்னுடையதாக்கிக்கொண்டது. அடிதடி இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. 1985-இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்ஸல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில் சுவர் சரிந்து 39 பேர் இறந்தார்கள். அந்தக் குற்றத்தைச் செய்தவர்களை வரலாற்றுச் சூழல் என்ற பெயரில் யாரும் விடுவிக்கக் கூடாது. நான் கேட்பது, அடிதடிக்குக் கிடைத்த மருந்து என்ன என்பதுதான். முனைகளைப் பிரித்துக் கம்பி அடைப்புகள் கட்டினார்கள். பிரித்த முனை உடனே கோட்டையானது. எதிரியின் கோட்டைக்குள் புகுவது வீரமானது. ரக்பி லீக்கின் ஊர்களோ ஒன்றுக்கொன்று பக்கத்தில் கிடந்தன, அந்த ஆண்டுகளில் அதன் கூட்டமும் சுருங்கிவிட்டது. அங்கே யாரும் அடைப்புக் கட்டவில்லை. பிடிப்பதற்குக் கோட்டையும் இல்லை.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் அந்த அடைப்பு 97 உயிர்களைக் கொண்டது. வாசலில் நெரிசல் என்று காவல்துறை ஒரு கதவைத் திறந்தது. உள்ளே போனவர்களை ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக் கூண்டுகளுக்குள் போகாமல் தடுக்க யாரும் நிற்கவில்லை. முன்னே கம்பி வேலி. மூச்சுத் திணறி வேலியில் ஏறியவர்களைக் காவலர்கள் முதலில் கலகக்காரர்களாகவே பார்த்தார்கள். அதன் பின் பழி குடிகார ரசிகர்கள் மேல் போடப்பட்டது. காவலர்களின் வாக்குமூலங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை காவல்துறைக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன என்று 2012-இல் தனிக்குழு கண்டது. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் குற்றமில்லை என்று 2016-இல் விசாரணை மன்றத்தின் நடுவர் குழு முடிவு சொன்னது. இறந்த பிள்ளைகளின் பெற்றோர் இதற்காக 27 ஆண்டு அலைந்தார்கள். ரவுடிகள் என்ற சொல் அவ்வளவு காலம் உண்மையை மறைத்து நின்றது.

ரக்பியில் நடுவரிடம் தலைவன் மட்டுமே பேச வேண்டும் என்ற மரபு இருக்கிறது, அந்தப் பணிவு பார்ப்பவர்களிடமும் இறங்கியிருக்கிறது என்பார்கள். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். அயர்லாந்தின் லிமெரிக் நகரில், தாமண்ட் பார்க் மைதானத்தில், வந்த அணி பெனால்டி உதைக்கும்போதும் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி நிலவும். லிமெரிக் ரக்பி தொழிலாளர் தெருக்களில் வளர்ந்தது. அந்த அமைதி தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்த பழக்கம். கற்றுக்கொடுக்க முடிகிற எதையும் பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது. லிவர்பூல் நகரின் கால்பந்திலும் அப்படி ஒரு பழக்கம் இருந்தது. 1984 லீக் கோப்பை இறுதியிலும் 1986 எஃப்.ஏ. கோப்பை இறுதியிலும் எவர்ட்டன், லிவர்பூல் ரசிகர்கள் வெம்ப்ளியில் கலந்தே நின்றார்கள். ஒரே வீட்டிலிருந்து நீலத் துண்டும் சிவப்புத் துண்டும் போட்டுப் புறப்பட்டவர்களை எந்த வேலியால் பிரிப்பது?

1995 ஆகஸ்டில் யூனியன் ரக்பியும் தொழில்முறை ஆட்டமானது. நூறாண்டுப் பிடிவாதம் ஒரு அறிவிப்பில் முடிந்தது. இப்போது அங்கும் லீக் உண்டு, சம்பளம் உண்டு, வெளியூர் போகும் கூட்டம் உண்டு. இருந்தும் கலந்து உட்காருகிறார்கள் என்றால், பிரிக்கும் ஏற்பாடு அங்கே ஒருபோதும் கட்டப்படவில்லை என்பதும் சட்டம் அவர்களைச் சந்தேகிக்கவில்லை என்பதும் முக்கியக் காரணங்கள். இங்கிலாந்தில் மைதானம் கண்ணில் படும் இடத்தில் மது குடிப்பதைத் தடைசெய்யும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கால்பந்துக்கு உண்டு, ரக்பிக்கு இல்லை. விகன் நகரில் 1999-இல் திறந்த மைதானத்தைக் கால்பந்துக் கிளப்பும் ரக்பி லீக் கிளப்பும் பகிர்ந்துகொள்கின்றன. அதே கேலரியில், அதே இருக்கையில், அதே ஊர்க்காரர் ரக்பி நாளில் பியர் கோப்பையோடு வந்து உட்காரலாம். கால்பந்து நாளில் அதைப் படிக்கட்டுக்குக் கீழேயே குடித்து முடித்துவிட்டுத்தான் மேலே வர வேண்டும்.