வெப்பநிலைக்கு அடிக்கல்லான மும்மைப் புள்ளி

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இராமானுசர் பிறந்த ஊர் என்பதே முன்பெல்லாம் நினைவுக்கு வரும். இன்றோ அவ்வூரிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அவற்றுள் ஒன்று, 2000-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய செயின்ட் கோபேன் கண்ணாடித் தொழிற்சாலை. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுத் தகடாக்குவது அங்குள்ள முறை. இம்முறையில் தகடு ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசில் வெள்ளீயத்தை விட்டு வெளிவரும். பின்பு அதனை மெல்ல ஆறவிட வேண்டும். விரைந்து குளிர்ந்தால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். வெட்டும்போது தகடு தாறுமாறாக உடையும்.

கருவி 600 என்று காட்டுகிறது. அந்த எண்ணை எப்படி நம்புவது? அதைவிடச் செம்மையான கருவியோடு ஒப்பிடலாம். அந்தக் கருவியை இன்னொன்றோடு ஒப்பிடலாம். இந்தச் சங்கிலி ஓரிடத்தில் முடிய வேண்டுமல்லவா? அவ்விடத்தை அறிஞர்கள் தேடிய வரலாற்றைக் காண்போம்.

சுவீடன் நாட்டு ஆண்டர்ஸ் செல்சியஸ், 1742-இல் பனிக்கட்டியின் உருகுநிலையையும் நீரின் கொதிநிலையையும் எல்லைகளாகக் கொண்டு, இடைவெளியை 100 பாகங்களாகப் பிரித்தார். ஆனால் கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்தது. உதகமண்டலத்தில் நீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். உருகுநிலையாவது மாறாததா? அழுத்தம் கூடினால் அதுவும் சிறிது குறையும் என்று 1849-இல் ஜேம்ஸ் தாம்சன் கணித்தார். மறு ஆண்டே அவருடைய தம்பி வில்லியம், அதாவது பின்னாளைய கெல்வின் பிரபு, சோதனையால் அதை மெய்ப்பித்தார். நீரில் கரைந்துள்ள காற்றும் உருகுநிலையைச் சற்றே குறைக்கிறது.

அப்படியானால் அசையாத புள்ளி எது? நீரும் நீராவியும் சமநிலையில் இருக்கப் பல வெப்பநிலைகள் உண்டு. அழுத்தத்தை மாற்றினால் வெப்பநிலையும் மாறும். ஆனால் சாதாரணப் பனிக்கட்டி, நீர், நீராவி ஆகிய மூன்றும் சேர்ந்து சமநிலையில் இருக்க ஒரே அழுத்தமும் ஒரே வெப்பநிலையுமே உண்டு. இதற்கு 1873-இல் ஜேம்ஸ் தாம்சன் 'மும்மைப் புள்ளி' என்ற பொருள்படப் பெயரிட்டார். அதன் காரணத்தை, 1876-78-இல் அமெரிக்க அறிஞர் கிப்ஸ் வெளியிட்ட நிலைமை விதி விளக்கியது. ஒரே பொருளின் மூன்று நிலைகள் கூடிவிட்டால், அழுத்தத்தையோ வெப்பநிலையையோ நம் விருப்பப்படி மாற்ற இயலாது. மாற்றினால் மூன்றில் ஒன்றேனும் மறைந்துவிடும்.

1954-இல் கூடிய பத்தாவது எடைகள், அளவைகள் பொது மாநாடு இப்புள்ளியை 273.16 கெல்வின், அதாவது 0.01 டிகிரி செல்சியஸ் என வரையறுத்தது. காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் கலத்தில் மிகத் தூய நீரை அடைத்து, அதில் ஒரு பகுதியை உறையவைத்தால் போதும். அழுத்தத்தை நாம் அளந்து சரிசெய்ய வேண்டியதே இல்லை. உள்ளேயுள்ள ஆவி தானாகவே ஏறத்தாழ 611.66 பாஸ்கல் அழுத்தத்தில் நிற்கும். இது வளிமண்டல அழுத்தத்தில் 166-இல் ஒரு பங்கே!

2019 மே 20 முதல் கெல்வினின் வரையறை போல்ட்ஸ்மன் மாறிலியைச் சார்ந்துள்ளது. ஆயினும் கலத்தின் பணி ஓயவில்லை. 1990-ஆம் ஆண்டின் பன்னாட்டு வெப்பநிலை அளவுகோலின்படி, பிளாட்டினக் கம்பியின் மின்தடையை மும்மைப் புள்ளியில் அதற்குள்ள மின்தடையோடு ஒப்பிட்டே வெப்பநிலை கணிக்கப்படுகிறது. வெள்ளீயம் உறையும் 231.928 டிகிரி செல்சியசும் அவ்வளவுகோலின் நிலைப்புள்ளிகளில் ஒன்று. நம் நாட்டின் வெப்பநிலைத் தரங்களைப் பேணுவது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். அங்கிருந்து அளவுத்திருத்தக் கூடங்கள் வழியே தொழிற்சாலைக் கருவி வரை அச்சங்கிலி நீள்கிறது.

அடுத்த முறை ஆய்வகத்தில் பிளாட்டின மின்தடை வெப்பநிலைமானியைக் காணும்போது, அதன் எண்ணுக்குப் பின்னே பனிக்கட்டியும் நீரும் ஆவியும் கூடியிருக்கும் சிறு கலம் ஒன்று உள்ளதை நினைவில் கொள்ளுங்கள்.